பாட்டு கைகொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

ஏற்றம் இறைத்தவர்களும் நாற்று நட்டவர்களும் பாடிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். ஏற்றக்காரர் பாட்டிலேயே சால் கணக்கும் ஓடும். வேலையின் அசைவுதான் அந்தப் பாட்டுக்குத் தாளம். இன்று நாம் காதில் மாட்டிக்கொள்ளும் பாட்டுக்கும் கையிலிருக்கும் வேலைக்கும் அப்படியொரு ஒட்டுறவு கிடையாது. அதனால் 'பாட்டு ஓடினால் வேலையும் ஓடும்' என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. என்ன வேலை என்று கேட்க வேண்டும்.

கைவேலை என்றால் பாட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜூனில், பிரிட்டனின் தொழிற்சாலைகளுக்காகவே பிபிசி வானொலி 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாளுக்கு இரண்டு முறை, அரை அரை மணி நேரம். பெரும்பாலும் குரல் இல்லாத, சீரான வேகத்தில் போகும் மெட்டுகள். 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சஸ்' என்ற பாட்டை அதில் போடக்கூடாது என்று தடை விதித்தார்கள். அந்தப் பாட்டின் நடுவில் கைதட்டல் வரும். தொழிலாளி கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தட்டுவார், இல்லையென்றால் கருவியாலேயே இயந்திரத்தைத் தட்டுவார் என்ற பயம். பாட்டு சலிப்பைப் போக்க வேண்டும், கவனத்தைப் பறித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதில் அவ்வளவு தெளிவு. 1967 வரை அந்த நிகழ்ச்சி நீடித்தது.

படிப்பும் எழுத்தும் வேறு. ஒரு பத்தியைப் படிக்கும்போது மனத்துக்குள் ஒரு குரல் அதைச் சொல்லிக்கொண்டே வருகிறது. காதில் இன்னொரு குரல் வேறு சொற்களைப் பாடினால் இரண்டும் மோதும். சலாமே, பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1980களில் இதைச் சோதித்தார்கள். எண்களை வரிசை மாறாமல் நினைவில் வைக்கும் வேலையைக் கருவியிசையைவிட, வரிகளோடு கூடிய பாட்டு அதிகம் கெடுத்தது. 'பிடித்த பாட்டு என்னைக் கெடுக்காது' என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. நிக் பெர்ஹாமும் உடன் ஆய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்த பாட்டும் பிடிக்காத பாட்டும் நினைவாற்றலை ஏறக்குறைய ஒரே அளவில் குறைத்தன. அமைதியில்தான் நன்றாகச் செய்தார்கள்.

நம் ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல் என்பது என் கணிப்பு. நாம் கேட்பது பெரும்பாலும் மனப்பாடமான திரைப்பாட்டு. முன்னிசை முடிவதற்குள் உதடு பல்லவியை முணுமுணுக்கத் தொடங்கிவிடும். வீணையோ நாகஸ்வரமோ கேட்டால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க முடியாது. கருவியில் வாசிக்கப்படுவது தெரிந்த கீர்த்தனை என்றால், சாகித்தியம் அறிந்தவருக்கு மெட்டோடு சொல்லும் சேர்ந்தே வரும். ராக ஆலாபனை பரவாயில்லை.

பாட்டோடு படிக்கும் வழக்கத்துக்கு ஆதரவாக எப்போதும் இழுக்கப்படுவது, மோட்சார்ட்டின் இசை கேட்டால் அறிவுத்திறன் கூடும் என்கிற 'மோட்சார்ட் விளைவு'. 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த அந்த ஆய்வில் இருந்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பத்து நிமிடம் இசை கேட்டார்கள், அதன் பிறகு சோதனை எழுதினார்கள். கூடிய திறன் கால் மணி நேரம்கூடத் தாண்டவில்லை. இசை தந்த உற்சாகமே அதற்குக் காரணம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் விளக்கின. எழுதும்போது யாருக்கும் இசை போடவில்லை என்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. அந்த அரைகுறைப் புரிதலில்தான் 1998இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கத் திட்டம் போட்டார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கனடாவில் மென்பொருள் எழுதுபவர்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், இசை இருந்தபோது மனநிலை மேம்பட்டிருந்தது, அதை நிறுத்திய வாரத்தில் வேலைக்கு நேரம் அதிகம் பிடித்தது. சுற்றிலும் பேச்சு கேட்கிற அலுவலகத்தில் ஹெட்போன் ஒரு தடுப்புச் சுவர்தான். அங்கே அமைதி கிடைப்பதில்லை, பக்கத்து மேசைப் பேச்சுக்கு இசை எவ்வளவோ மேல்.

ஆனால் வீட்டில் அமைதியான அறை இருந்தும் பாட்டோடு போட்டித்தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கம் பாட்டோடு படியுங்கள், அடுத்த இரண்டு பக்கம் பாட்டில்லாமல் படியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் நிற்பதை எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.