ஐப்பசி மழையில் ஓர் 'ஈரம்'

அக்டோபர் 31 மேல்நாட்டில் ஹாலோவீன். தென்காசிப் பக்கம் அது ஐப்பசி மழைக்காலம். குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. வீட்டோடு அடைந்து கிடக்கும் அந்த ராத்திரிக்குப் பேய்ப்படம்தான் தோது.

அதற்கென்றே எடுத்ததுபோல் இருக்கிறது 'ஈரம்' (2009).

ஷங்கர் தயாரிக்க, அறிவழகன் முதன்முதலாக இயக்கிய படம். வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம் எதையும் நம்பாமல் தண்ணீரையே பேயாக்கிவிட்டார். கதவிடுக்கில் கசிகிறது, குழாயில் சொட்டுகிறது, மழையாகவும் வருகிறது. மனோஜ் பரமஹம்சாவின் கேமராவில் காட்சியெல்லாம் வெளிறிக் கிடக்க, சிவப்பு மட்டும் பளிச்சென்று முன்னால் வந்து நிற்கிறது.

அடுத்து 'பீட்சா' (2012): இருட்டுப் பங்களா, விஜய் சேதுபதி கையில் ஒற்றை டார்ச்.

படம் முடிந்தும் முற்றத்து வாளியில் சொட்டுச் சத்தம் நிற்பதில்லை. குழாயை மூட யார் எழுந்து போவது என்பதில்தான் வீட்டில் தகராறு.