பன்னிரண்டு முறை கேட்ட கேள்வி

1997 மே 13 அன்று, பிபிசியின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சியில் ஜெரமி பாக்ஸ்மன், கன்சர்வேடிவ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட மைக்கேல் ஹவார்டிடம் ஒரே கேள்வியைப் பன்னிரண்டு முறைக்குக் குறையாமல் கேட்டார். அந்தக் காணொளியைப் பலமுறை சிரித்தபடி பார்த்திருக்கிறேன். அண்மையில் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "எதுக்குப்பா இவ்வளவு சண்டை?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

1995 ஜனவரியில் பார்க்ஹர்ஸ்ட் சிறையிலிருந்து மூன்று கைதிகள் தப்பினார்கள். சிறையின் பொறுப்பாளர் ஜான் மாரியட்டை உடனே இடைநீக்கம் செய்யாவிட்டால் உங்கள் முடிவை நானே மாற்றிவிடுவேன் என்று, அன்றைய உள்துறை அமைச்சர் ஹவார்ட், சிறைத்துறைத் தலைவர் டெரிக் லூயிஸை மிரட்டினாரா என்பதே கேள்வி. மிரட்டினார் என்றார் லூயிஸ். உத்தரவிட எனக்கு உரிமை இல்லை, உத்தரவிடவும் இல்லை என்றார் ஹவார்ட். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்துக் கேள்விக்குப் பதில் சொன்னார். நழுவலின் நுட்பம் முழுவதும் அதில் இருக்கிறது.

அடுத்து வரவேண்டிய செய்தித் தொகுப்பு தயாராகவில்லை, நேரத்தை ஓட்ட வேண்டியிருந்தது என்று பாக்ஸ்மன் பின்னாளில் சொன்னார். அதனால் அந்தக் கேள்வியின் நியாயம் குறையாது. ஆனால் நம் நினைவில் தங்கியது எத்தனை முறை என்ற எண்ணிக்கைதான். அதே 1995 அக்டோபரில் பதவியிலிருந்து நீக்கப்பட்ட லூயிஸ் மறந்துபோனார். மாரியட்டை எனக்கே நினைவில்லை. கிரிக்கெட் ஸ்கோர்போல ஒரு நேர்காணலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஹவார்ட் அந்த முறை ஐந்து பேரில் கடைசியாக வந்தார். 2003இல் போட்டியின்றியே தலைவரானார். 2019 தேர்தலில் நழுவல் இன்னும் எளிதானது. மற்ற கட்சித் தலைவர்கள் ஆண்ட்ரூ நீல் முன் உட்கார்ந்தார்கள். போரிஸ் ஜான்சன் வரவே இல்லை. கேட்க நினைத்ததை நீல் கேமராவைப் பார்த்துச் சொன்னார். ஒரு வாரத்தில் ஜான்சன் 80 இடப் பெரும்பான்மையோடு வென்றார். பதில் சொல்லாதவரைப் பார்த்துச் சிரித்துப் பழகிய நாம், வராதவரைத் தண்டிக்கப் பழகவில்லை.

இதை எழுதும் எனக்கும் நழுவத் தெரியும். மென்பொருள் ஆலோசகன் நான். "சொன்ன தேதிக்கு முடியுமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால், தேதி தவறாமலிருக்க எடுத்துவரும் நடவடிக்கைகளை விவரிப்பேன். ஹவார்ட் செய்ததும் இதுதான். என்னை எதிர்கொள்ளப் பாக்ஸ்மன் வேண்டியதில்லை. கேட்டதையே இரண்டாவது முறை அமைதியாகக் கேட்கும் ஒருவர் போதும். இருபது வருடங்களில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை.