மேசையில் இருந்தது யாருடைய பணம்?

மைக்கேல் கிரெய்க் எழுதி 2005இல் வெளிவந்த 'தி ப்ரொஃபசர், தி பேங்கர் அண்ட் தி சூசைட் கிங்' என்ற நூலை, சீட்டாட்டப் புத்தகம்தானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். எனக்கு ரம்மியே ஒழுங்காக வராது. ஆனாலும் இதை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது அதோடு சண்டை போட.

கதை எளியது. டல்லாஸ் நகரத்து வங்கி முதலாளி ஆண்டி பீல். கணிதக் கிறுக்கும் உண்டு. எண்கணிதத்தில் இன்னும் நிரூபிக்கப்படாத ஒரு ஊகம் அவர் பெயரிலேயே வழங்குகிறது. சொந்தமாக ராக்கெட் செய்ய ஒரு கம்பெனி தொடங்கினார். அரசாங்கமே போட்டியாளர்களுக்குப் பணம் கொடுத்தால் நான் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கேட்டு 2000இல் இழுத்து மூடினார். அடுத்த வருஷம் லாஸ் வேகாஸில் பெலாஜியோ சூதாட்ட விடுதியில் வந்து உட்கார்ந்துவிட்டார். எதிர்ப்பக்கம் டாயில் பிரன்சன், சிப் ரீஸ், ஹோவர்ட் லெடரர், ஜெனிபர் ஹார்மன், டெட் ஃபாரஸ்ட் என்று அந்தக் காலத்தின் பெரிய கைகள் எல்லாம். தலைப்பில் வரும் 'ப்ரொஃபசர்' லெடரர்; வாளைத் தன் தலையிலேயே செருகிக்கொண்டிருக்கும் ஆர்ட்டின் ராஜா ஃபாரஸ்ட்.

பீல் கேட்டது இரண்டு விஷயம். ஒருவரோடு ஒருவராக ஆட வேண்டும். பந்தயம் அவர்கள் வழக்கமாக ஆடுவதைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். ஏன் என்பதில்தான் அவருடைய மூளை தெரிகிறது. திறமையில் அவர்களை எட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் திறமைசாலிக்கும் ஒரு தொகைக்கு மேல் கை நடுங்கும். அந்தத் தொகையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். அதாவது, தன்னிடம் இருக்கும் பணத்தைக் கொண்டு எதிராளியின் பயத்தை விலைக்கு வாங்கப் பார்த்தார்.

அதற்கு ஆட்டக்காரர்கள் கண்ட மாற்று, கூட்டு. எல்லோரும் பங்கு போட்டுப் பணத்தைச் சேர்ப்பார்கள். ஒருவர் உட்கார்ந்து ஆடுவார். லாபமோ நஷ்டமோ பங்குப்படி. இதற்குக் 'கார்ப்பரேஷன்' என்று பெயரே வந்துவிட்டது. இங்கே எனக்குச் சிரிப்பு வந்தது. சம்பளக்காரனாக இருக்கப் பிடிக்காமல், எவனுக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று சூதாட வந்தவர்கள், ஒரு வங்கிக்காரரைச் சமாளிக்கக் கடைசியில் கம்பெனி ஆரம்பிக்கிறார்கள்!

இந்த இடம்தான் புத்தகத்தின் உயிர். பணம் திரட்டுவது, தொலைபேசியில் ஆளைப் பிடிப்பது, இன்றைக்கு யாரை உட்கார வைப்பது என்று முனகிக்கொள்வது ஆகிய பக்கங்களில் கிரெய்க் அபாரமாக எழுதுகிறார். வக்கீலாக இருந்தவர். கணக்குவழக்கு எங்கே கசியும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் அவருக்குள் இருக்கும் ரசிகர் எழுந்துகொள்கிறார். பீலின் கறுப்புக் கண்ணாடி, காதில் மாட்டும் ஹெட்ஃபோன், யோசிக்கும் நேரம் ஒரே சீராக இருக்க சாக்ஸுக்குள் வைத்துக்கொண்ட அதிரும் கருவி எல்லாம் சுவாரசியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வீரர்களின் மல்யுத்தமாக அதைச் சொல்லும்போது, ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பது ஒரு ஆள் இல்லை என்பதையே அவர் மறந்துவிடுகிறார்.

நமக்கு இது புதிதா என்ன? சபா பருவத்தில் பணயம் வைப்பவன் துரியோதனன், காய் உருட்டுபவன் சகுனி. ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையல்ல என்று தருமன் வாய்திறந்து சொல்கிறான். சொல்லிவிட்டு ஆடவும் செய்கிறான். காயில் மாயம் இருந்ததா என்று நாம் காலங்காலமாகப் பேசுகிறோம். தருமன் முதலில் தொட்ட விஷயம் வேறு. தோற்றால் வலிக்கப்போகிறவனும் ஆடுகிறவனும் ஒரே ஆளா? பீலுக்கு எதிரே இருந்தவர்கள் ஏமாற்றவில்லை, அவரும் விவரம் தெரிந்தே ஆடினார். ஆனாலும் அந்தக் கேள்வியை இந்தப் புத்தகம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இன்னொரு குறை எண்களில். 2004 மே மாதம் பீல் ஒரே நாளில் 1.17 கோடி டாலர் ஜெயித்ததைப் படிக்கும்போது மூச்சு நிற்கிறது. சரி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடியது லிமிட் ஹோல்டெம்; ஒவ்வொரு சுற்றிலும் இவ்வளவுதான் ஏற்றலாம் என்று வரம்பு உண்டு. பெரிய பந்தயம் இரண்டு லட்சம் டாலர் என்றால், அந்த வெற்றி அறுபது பந்தயம்கூட இல்லை. இதே ஆட்டத்தைப் பத்து–இருபது டாலர் மேசையில் ஆடியிருந்தால் கையில் 1,170 டாலர் இருந்திருக்கும். அந்த அளவு ஏறுவதும் இறங்குவதும் இருவர் ஆட்டத்தில் அன்றாட சமாச்சாரம். யார் உசத்தி என்று முடிவு செய்ய ஆயிரக்கணக்கான ஆட்டம் வேண்டும். சில நாள் சீட்டோட்டத்தை வைத்துக்கொண்டு கிரெய்க் மனோபலம், வைராக்கியம் என்று எழுதிக்கொண்டே போகிறார். அதிர்ஷ்டம் என்று எழுதினால் அத்தியாயம் சப்பென்று போய்விடும், அதுதான் காரணம்.

புத்தகம் அச்சான பிறகும் ஆட்டம் நடந்தது. 2006 பிப்ரவரியில் பீல் மறுபடி வேகாஸ் வந்து, முதலில் தோற்று, பிறகு ஒரு கோடிக்கு மேல் ஜெயித்தார். மாதக் கடைசியில் ஃபில் ஐவி மூன்று நாளில் 1.66 கோடி டாலருக்கு மேல் அவரிடமிருந்து எடுத்தார். இன்றைக்கும் அதை ஐவியின் சாகசமாகத்தான் சொல்கிறார்கள். அவர் ஆடியதும் கூட்டுப்பணம்தான், எடுத்த பணமும் அத்தனையும் அவருக்கில்லை.

கிரெய்க்குக்கு ஆட்டக்காரர்களோடு நெருக்கம் குறையவில்லை. லெடரரும் ஐவியும் பங்குதாரர்களாக இருந்த ஃபுல் டில்ட் என்ற இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயரில் 2007இல் வந்த ஆட்ட வழிகாட்டி நூலின் பதிப்பாசிரியர் அவர்தான். 2011இல் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் அந்த நிறுவனத்தின் மேல் ஒரு குற்றச்சாட்டை வைத்தார்கள்: ஆட வந்தவர்கள் கட்டிய பணம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே, உரிமையாளர்களுக்கு 40 கோடி டாலருக்கு மேல் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று. அதில் லெடரரின் பெயரும் இருந்தது. அடுத்த வருஷம் தவறை ஒப்புக்கொள்ளாமலே அவர் அரசோடு சமரசம் செய்துகொண்டார். ப்ரொஃபசர் பணத்தை எவ்வளவு நிதானமாகக் கையாள்வார் என்று வியக்கும் வரிகள் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டாம் வாசிப்பில் அவற்றின் ஓரத்தில் நான் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.