அறத்திலிருந்து அந்நியமாதல்: மூன்று நாவல்கள்

தவறிழைத்த மனிதன் பிறரிடமிருந்து விலகிப் போகிறான். அவ்விலகல் எங்கிருந்து தொடங்குகிறது என்னும் வினாவுக்கு ருஷ்ய, அமெரிக்க நாவல்கள் வெவ்வேறு விடை தருகின்றன.

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ 1866இல் வெளிவந்தது. அசாதாரண மனிதர்கள் சட்டத்தை மீறலாம் என்று நம்பும் ரஸ்கோல்னிகோவ், அடகு பிடிக்கும் கிழவியைக் கோடரியால் கொல்கிறான். எதிர்பாராது வந்த அவளுடைய தங்கையையும் கொல்கிறான். திருடிய பொருளைக் கல்லுக்கடியில் மறைத்துவிட்டு அதைத் தொடாமலே இருக்கிறான். பெற்ற தாயோடும் இயல்பாகப் பேச இயலவில்லை. காவலர் பிடிக்கும் முன்பே உள்ளம் அவனைத் தண்டித்துவிடுகிறது.

ரிச்சர்ட் ரைட்டின் ‘நேட்டிவ் சன்’ 1940இல் வந்தது. சிகாகோவில் எலி ஓடும் ஒற்றை அறையில் வாழும் கறுப்பின இளைஞன் பிக்கர் தாமஸ். அவ்வறைக்கு வாடகை பெறும் நிறுவனம் டால்டன் என்பவருடையது. கறுப்பர்களுக்கு நன்கொடை வழங்கும் வள்ளலும் அவரே. அவருடைய மகளை அச்சத்தால் மூச்சுத் திணறச் செய்து கொன்ற பிறகே, தானும் ஒரு மனிதன் என்ற உணர்வு பிக்கருக்குப் பிறக்கிறது.

ரஸ்கோல்னிகோவ் தானே விலகினான். பிக்கர் குற்றத்திற்கு முன்பே விலக்கப்பட்டிருந்தான். முன்னவனுக்கு மீள வழியுண்டு. நாற்சந்தியில் மண்ணை முத்தமிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள் என்கிறாள் சோனியா. பின்னவனுக்குத் திரும்பிச் செல்ல ஒரு சமூகமே இல்லை. ஆயினும் ரைட் அவனை விடுவித்துவிடவில்லை. பிக்கர் தன் தோழி பெஸ்ஸியையும் கொல்கிறான். மரண விசாரணையில் அவளுடைய உடல் வெள்ளைப் பெண்ணின் கொலைக்கான சான்றாக மட்டுமே காட்டப்படுகிறது. கொன்றவனும் விசாரிப்பவர்களும் அவளை ஒரு மனுஷியாக எண்ணவில்லை.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் நிலையைத் தமிழில் காண்கிறோம். தோப்பில் முகமது மீரானுக்கு 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத் தந்த ‘சாய்வு நாற்காலி’யின் முஸ்தபாக்கண்ணு யாரையும் கோடரியால் வெட்டவில்லை; நீதிமன்றம் ஏறவுமில்லை. மூதாதையர் பெருமை பேசி நாற்காலியில் சாய்ந்திருக்கிறார், மனைவியை அடிக்கிறார், நாவின் ருசிக்காக வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்கிறார். தம்மைக் கண்டிக்கும் ஆன்மாவை நம் அறிஞர்கள் நஃப்ஸுல் லவ்வாமா என்பர். ரஸ்கோல்னிகோவிடம் அது உறங்க மறுக்கிறது. முஸ்தபாக்கண்ணுவிடமோ, குடும்பப் பெருமையின் தாலாட்டில் அது உறங்கிவிட்டது. தாம் அந்நியமாகிவிட்டதை அறியாதவருக்குத் தௌபாவின் நினைவு எப்படி வரும்?

நம் வீட்டு இழிவைப் பிறர் காண எழுதலாமா என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோர ஊர்த் திண்ணைகளில் நாமும் பழம்பெருமை பேசக் கேட்டிருக்கிறோம், பேசியுமிருக்கிறோம். உள்ளே அழுத பெண்ணின் குரல் அப்பேச்சில் நம் செவிக்கு எட்டியதா? இக்கேள்வியை எழுப்பும் நாவல் நம்மை இழிவுபடுத்தவில்லை. மறுமையின் கணக்குக்கு முன்பாக நம் கணக்கை நாமே பார்க்கச் சொல்கிறது.