வேரைப் பிடித்த முதலை: வாய்மொழி விலங்குக் கதைகளும் தொகுப்பாளர்களும்

நம் வாய்மொழி விலங்குக் கதைகள் எல்லாம் பஞ்சதந்திரத்திலிருந்து உதிர்ந்தவை, பிள்ளைகளுக்கு நீதி புகட்டப் பிறந்தவை என்று மேடைக்கு மேடை பேசப்படுகிறது. பிடிபட்ட விலங்கு தப்பிக்கும் கதைகளைக் கூர்ந்து கேட்டவர் எவரும் இதை ஒப்புக்கொள்ள முடியாது.

தண்ணீரில் இறங்கிய நரியின் காலை முதலை கவ்வுகிறது. வலியைக் காட்டாமல் நரி சிரிக்கிறது. காலென்று நினைத்து வேரைக் கடிக்கிறாயே என்கிறது. முதலை காலை விட்டுவிட்டு வேரைப் பிடிக்கிறது. ஐந்து தந்திரங்களிலும் இந்தக் கதை இல்லை. மேரி பிரேயர் 1868இல் வெளியிட்ட தக்காணக் கதைத் தொகுப்பில் இருக்கிறது. அவருக்குச் சொன்னவர் அன்னா லிபரேட்டா டிசோசா என்ற ஆயா. 1880இல் வந்த ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸின் அங்கிள் ரீமஸ் தொகுப்பில், நரியிடம் சிக்கிய ஆமையும் இதே வித்தையால் பிழைக்கிறது. அது அமெரிக்கக் கறுப்பின அடிமைகளிடம் வழங்கிய கதை. பஞ்சதந்திரத்தின் விஷ்ணுசர்மன் அரசகுமாரர்களுக்குப் பாடம் நடத்தினார். இதைச் சொன்னவர்கள் ஆயாக்களும் அடிமைகளும். அகப்பட்டவர் பிழைக்கும் வழிதான் இதன் பொருள்.

தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் (1826) பள்ளிக்கூட உரைநடைக்கு அடித்தளமிட்டது. நடேச சாஸ்திரி 1880களில் நாட்டுக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தார். சொன்னவர் குரல் அதில் மங்கிப்போனது. நா. வானமாமலையும் 1967இல் அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவும் மக்கள் வழக்காற்றுக்கு ஆய்வுத் தகுதி பெற்றுத் தந்தார்கள். ஆனால் அவர்கள் மனம் கதைப்பாடல்களிலேயே தோய்ந்திருந்தது.

கி. ராஜநாராயணன் வந்த பிறகே கதைசொல்லியின் நாக்கு அச்சேறியது. விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று தெற்கே நீளும் கரிசலில், இடைசெவலில் பிறந்த சம்சாரி, அதாவது உழவர், அவர். கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி செய்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அமர்ந்து புதுவை வட்டாரக் கதைகளையும் சேர்த்தார். நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம் அவருடைய பெரும் கொடை. பாலியல் கதைகளையும் ஒதுக்காமல் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று தொகுத்தபோது, நாட்டுக் கதை பிள்ளைகளுக்கானது என்ற எண்ணத்தின் வேரே ஆட்டம் கண்டது. அந்தத் துணிச்சலுக்கு ஈடு இன்னும் வரவில்லை.

அதே கரிசலில்தான் சிவகாசியும் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்து வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டர், பாடநூல், படக்கதை என்று விரிந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் இங்கிருந்து இரும்புக்கை மாயாவி என்ற படக்கதை நாயகனைத் தமிழகமெங்கும் கொண்டுபோனது. நரிக்குக் கிடைத்ததோ மலிவுப் படக்கதைப் புத்தகமும் கடைசியில் ஒட்டவைத்த 'நீதி' வரியும். நரி பொய் சொல்லித்தான் உயிர் பிழைக்கிறது. அதற்கு நேர்மையாக ஒரு நீதி எழுதவே முடியாது. அந்த வரி கதையை முடமாக்குகிறது.

இந்தத் துறைக்கு இனி வேண்டியது கி.ரா. காட்டிய வழிதான். சம்சாரி வீட்டுத் திண்ணையைத் தாண்டி, வெம்பக்கோட்டை பட்டாசு ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களிடமும் சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளரிடமும் அது போக வேண்டும். விருதுநகர், சிவகாசி கல்லூரித் தமிழ்த்துறைகள் மாணவர்களை அங்கே அனுப்பட்டும். கதையோடு சொன்னவரின் பெயர், ஊர், வேலை மூன்றையும் அச்சிடுங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள், நீதி வரியை நீக்குங்கள்.