நகையா முகத்தின் நகைச்சுவை

நகைச்சுவை நடிகர் முகமலர்ச்சியாலேயே அவையோரைச் சிரிப்பிப்பர் என்பது பொதுக் கருத்து. அக்கருத்துக்கு விலக்காய் நின்று, ஸ்கொட்லாந்து மக்களின் பேரன்பைப் பெற்றவர் றிக்கி புல்டன் (1924-2004). கிளாஸ்கோ நகரிற் பிறந்த இவர், இரண்டாம் உலகப் போரிற் கடற்படையிற் பணியாற்றினார். 1942இல் தாம் சென்ற போர்க்கப்பல் மத்தியதரைக் கடலில் மூழ்கியபோது உயிர் தப்பினார். பின்னர் வானொலி, மேடை, தொலைக்காட்சி என்னும் மூன்றிலும் பயின்று சிறந்தார்.

1962 முதல் 1965 வரை, ஜாக் மில்றோயுடன் இணைந்து, பிரான்சி, ஜோசி என்னும் கிளாஸ்கோ இளைஞர் இருவரின் கதையைத் தொலைக்காட்சியில் நடித்தார். பகட்டான உடையும் பேதைமைப் பேச்சுமே ஆங்கு நகைக்கு நிலைக்களன். தொல்காப்பியர் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் இஃது அடங்கும். மக்கள் அதனைப் பெரிதும் விரும்பினர். எனினும், இவ்வகை நகையில் வல்லார் பிறரும் உளர்.

புல்டனின் தனித்தன்மை துலங்கியது, 1978இல் பி.பி.சி. ஸ்கொட்லாந்து தொடங்கிய 'ஸ்கொச் அன்ட் றை'யிலேயாம். மதுவையும் கோணல் நகையையும் ஒருங்கே சுட்டும் சிலேடைப் பெயர் அது. பின்னர் அந்நிகழ்ச்சி ஆண்டிறுதி இரவுக்குரியதாகி, 1992 வரை நீடித்தது. ஸ்கொட்லாந்தில் 1958 வரை நத்தார் பொது விடுமுறை நாளன்று. ஆண்டிறுதி இரவே அம்மக்களின் பெருவிழா. நாடே களித்திருக்கும் அவ்விரவில், வண. ஐ. எம். ஜொலி என்னும் போதகராகப் புல்டன் தோன்றுவார். பெயரோ, ஆங்கிலத்தில் ஒலிக்குங்கால், 'நான் மகிழ்வுடையேன்' எனப் பொருள்படுவது. முகமோ இழவு வீட்டு முகம். கழிந்த ஆண்டின் துயரங்களையும் இல்வாழ்க்கையின் சலிப்பையும் சோர்ந்த குரலில் எடுத்துரைப்பார். நாளிறுதியில் சமயச் சிற்றுரை ஒளிபரப்பும் வழக்கைப் பின்பற்றி எழுந்த அங்கதம் இது.

இஃது சமயத்தை இகழ்தலாகாதோ எனின், ஆகாது. கோட்பாடு எதுவும் ஆங்கு இகழப்படவில்லை. பிறரைத் தேற்றக் கடமைப்பட்ட ஒருவர், தம்மைத் தேற்றுவாரின்றித் தாமே வாடுகின்றார். கடமைக்கும் மனநிலைக்கும் உள்ள இம்முரணே நகையாகின்றது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றைத் தொல்காப்பியர் அழுகையின் பாற்படுத்தினார். புல்டனோ, அழுகைக்குரிய அசைவிலிருந்தே நகையைப் பிறப்பித்தார். ஆதலின், அவருடைய எள்ளலின் அடியில் இரக்கம் ஓடுகின்றது.

அம்முகம் இயற்கையாய் வாய்த்ததன்று, பயின்று பெற்ற கருவியே என்பதற்கு, 1983இல் வெளிவந்த 'கோர்க்கி பார்க்' திரைப்படம் சான்றாகும். சோவியத் இரகசியப் பொலிஸ் அதிகாரியாக அவர் வருங்கால், அதே இறுகிய முகம் அச்சம் விளைக்கின்றது.

ஸ்கொட்லாந்துக்கு வெளியே அவர் புகழ் மிகுதியும் பரவாமையைக் குறையெனக் கூறுவார் உளர். தம் மக்களின் பேச்சு வழக்கையும் திருச்சபைப் பழக்கத்தையும் அவர் ஆழ்ந்து பற்றியமையின் விளைவே அது. அப்பற்று இன்றேல் ஜொலி போதகர் உயிர்பெற்றிரார். துன்பத்தை மறைத்துச் சிரிப்பிப்பார் பலர். அதனை மறையாது முன்வைத்துச் சிரிப்பித்தமையே புல்டனின் சிறப்பாகும்.