ஃபெனெஸ்த்ரா: பொருளொப்புமையும் சொல்லுறவும்

ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களை மொழிதோறும் திரட்டி, அவற்றின் ஒப்புமையளவைக் கொண்டே இனவுறவை முடிவு செய்யும் போக்கு ஒப்பாய்வுகள் சிலவற்றில் காணப்படுகிறது. அதன் குறைபாட்டை உணர்த்த, ‘சாளரம்’ எனப் பொருள்படும் ‘ஃபெனெஸ்த்ரா’ என்னும் இலத்தீன் சொல்லின் வரலாறு தக்க சான்றாகும்.

இச்சொல் இத்தாலியத்தில் ‘ஃபினெஸ்த்ரா’ எனவும், பிரெஞ்சில் ‘ஃபெனெத்ர்’ எனவும், ருமேனியத்தில் ‘ஃபெரெயாஸ்த்ர’ எனவும் வழங்குகிறது. பிரெஞ்சில் இடையிலிருந்த ஸகரம் கெட்டது. உயிரெழுத்தின் மேலிடப்படும் கூரைக்குறி அவ்விழப்பைச் சுட்டுகிறது. ருமேனியத்தில் உயிரிடை னகரம் ரகரமாயிற்று. பொருள் எங்கும் மாறவில்லை.

ஐபீரியத் தீபகற்பத்தில் நிலை வேறு. இசுபானியத்தில் சாளரத்தின் பெயர் ‘வெந்தானா’. காற்றைக் குறிக்கும் ‘வெந்துஸ்’ அதன் அடி. போர்த்துகீசியத்தில் ‘ஜனேலா’, வாயிலைக் குறிக்கும் ‘யானுவா’ என்பதன் சிறுமைப்பொருள் வடிவான ‘யானுவெல்லா’ அதன் மூலம் என்பர். இம்மூலவடிவம் எழுத்துச் சான்றற்ற மீட்டுருவாக்கமேயாகும்.

எனவே இவ்விரு மொழிகளும் பழஞ்சொல்லை அடியோடு இழந்தன எனக் கொள்ளலாமா? கொள்ளலாகாது. பழைய இசுபானியத்தில் ‘ஃபினியெஸ்த்ரா’ இருந்தது, பின்னரே வழக்கொழிந்தது. போர்த்துகீசியத்தில் ‘ஃப்ரெஸ்தா’ இன்றும் உண்டு. உயிரிடை னகரம் கெட்டு, ரகரம் முன்னே இடம்பெயர்ந்த வடிவம் இது. இதன் பொருள் ‘குறுகிய திறப்பு, பிளவு’ எனச் சுருங்கிவிட்டது. அண்டை மொழியாகிய கலீசியத்திலோ ‘ஃபியெஸ்த்ரா’ இன்றளவும் சாளரத்தையே குறிக்கிறது. பொருள்வழித் தேடுவோர்க்கு ‘ஃப்ரெஸ்தா’ அகப்படாது; ஒலிமாற்ற நெறியறிந்து தேடுவோர்க்கே அது புலப்படும்.

இதன் மறுபுறமும் நோக்கத்தக்கது. போர்த்துகீசியர் 1498இல் கோழிக்கோட்டை அடைந்தபின், ‘ஜனேலா’ கீழ்த்திசை மொழிகள் பலவற்றிற் புகுந்தது. தமிழில் ‘சன்னல்’, சிங்களத்தில் ‘ஜனேலய’, மலாயில் ‘ஜெண்டேலா’ என அது வழங்குகிறது. சாளரச் சொல்லை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், போர்த்துகீசியத்திற்குத் தமிழ் நெருங்கிய உறவாகவும், உடன்பிறந்த இத்தாலியம் அயலாகவும் தோன்றும். மேலும், காற்று வரும் வழி என்னும் கருத்தில் பிறந்தது நம் ‘காலதர்’. அதனை ‘வெந்தானா’வோடு ஒப்பிட்டு உறவு காண்பாரும் இடறுவர். கருத்தொப்புமை பிறப்புறவாகாது.

ஈராயிரம் ஆண்டு எழுத்துச் சான்றுகளையுடைய இலத்தீன் குடும்பத்திலேயே இத்தகைய மயக்கம் நேருமாயின், எழுத்துச் சான்றற்ற திராவிட மொழிகள் பலவற்றை ஒப்பிடுங்கால் எத்துணை விழிப்பு வேண்டும்! பொருள் நிகர்மை தேடலின் தொடக்கமாகலாம். உறவை உறுதி செய்வது முறையான ஒலியியைபே ஆகும்.